கடைத்தெருவுக்கு மேலே ஒரு ரயில் நிலையம்

கேட்கப்பட்ட கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. நெரிசல் மிகுந்த நகர மையத்தில் தூண்களின் மேல் நிற்கும் ரயில் நிலையம் எப்படி அமைகிறது, எப்படி இயங்குகிறது என்பது ஒன்று. அத்தகைய நிலையம் கீழே உள்ள தெருவை இருட்டாக்கி, இரைச்சலால் நிரப்பி, காலப்போக்கில் பாழாக்கிவிடும் என்பது உண்மைதானா, சுரங்க நிலையமே எப்போதும் மேலானதா என்பது மற்றொன்று. நிலையத்தின் உயரமும் அகலமும் எதனால் முடிவாகின்றன, தூணும் படிக்கட்டும் ஏன் அந்தந்த இடத்தில் வந்து நிற்கின்றன என்பது தெரிந்தால்தான் தெருவுக்கு நேர்வதை எடைபோட முடியும் என்பதால், இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உயர்மட்ட நிலையத்தின் தரம் மேலே உள்ள நடைமேடையில் தீர்மானமாவதில்லை, அது தரையைத் தொடும் சில சதுர மீட்டர்களில்தான் தீர்மானமாகிறது.

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அது காரணமில்லாத அச்சம் அன்று. 1868-இல் நியூயார்க்கின் கிரீனிச் தெருவில் சார்ல்ஸ் ஹார்வி என்பவர், நடைபாதை ஓரமாக ஒற்றை வரிசையில் நட்ட இரும்புத் தூண்களின் மேல், வடக்கம்பியால் இழுக்கப்படும் வண்டியை ஓட்டிக் காட்டினார். அந்த முறை நிலைக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் நீராவி எஞ்சின்கள் மேலே ஏறின. அவற்றோடு சாம்பலும் தணலும் எண்ணெய்த் துளிகளும் கீழே நடப்பவர்களின் தலையில் விழத் தொடங்கின. அந்நகரில் கட்டட உரிமையாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், தெருவை ஒட்டிய சொத்துக்கு உரியவருக்கு அத்தெருவிலிருந்து வரும் வெளிச்சத்தின் மீதும் காற்றின் மீதும் நுழைவழியின் மீதும் உரிமை உண்டு என்றும், ரயில் பாதை அவற்றைப் பறித்தால் இழப்பீடு தர வேண்டும் என்றும் 1882-இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றும் உயர்மட்டப் பாதைகளுக்கு எதிராக எழும் வாதங்கள் பெரும்பாலும் அந்த மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன. மன்ஹாட்டனின் ஆறாம் அவென்யூப் பாதை 1938-இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. மூன்றாம் அவென்யூப் பாதையின் மன்ஹாட்டன் பகுதி 1955-இல் மூடப்பட்டது.

அதே 1882-இல் பெர்லினில் நகர ரயில் பாதை திறக்கப்பட்டது. அதுவும் உயர்மட்டப் பாதைதான். நகரின் நெஞ்சு வழியாகத்தான் அதுவும் போகிறது. ஆனால் அது தெருவின் மேல் போகவில்லை. கட்டட மனைகளுக்கு நடுவே தனக்கென்று வாங்கிய நிலத்தில், செங்கல் வளைவுகளின் மேல் போகிறது. வளைவுகளின் அடியில் கடைகளும் உணவகங்களும் கிடங்குகளும் குடியேறின. தோக்கியோவின் யுராகுச்சோ நிலையம் 1910-இல் திறக்கப்பட்டபோது, ஜெர்மன் பொறியாளர் பிரான்ஸ் பால்ட்சரின் ஆலோசனையைப் பெற்ற அந்தப் பாதையும் இதே செங்கல் வளைவு முறையைத்தான் பின்பற்றியது. அங்கே பாதைக்கு அடியில் உள்ள சிறு உணவகங்கள் இன்று அவ்வட்டாரத்தின் அடையாளம் என்றே சொல்லலாம். ஆக, ஒரே ஆண்டில் ஒரு நகரம் உயர்மட்ட ரயிலால் நேர்ந்த இழப்பை நீதிமன்றத்தில் கணக்கிட்டுக்கொண்டிருக்க, இன்னொரு நகரம் அதன் அடியில் வாடகை வாங்கத் தொடங்கியிருந்தது. தெருவின் வானத்தை எடுத்துக்கொண்டோமா, அல்லது நமக்கென்று நிலம் வாங்கினோமா என்பதே வேறுபாடு. நிலம் வாங்குவது தொடக்கத்தில் பெருஞ்செலவு. அதனால்தான் பெரும்பாலான நகரங்கள் தெருவைத் தேர்ந்தெடுக்கின்றன, இன்றும்.

தெருவின் மேல் கட்டியும் நிலைத்துவிட்ட நகர மையத்துக்குச் சிறந்த சான்று சிகாகோ. லேக், வபாஷ், வான் பியூரன், வெல்ஸ் ஆகிய நான்கு தெருக்களின் மேல் ஏறத்தாழ 2.9 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வளையமாக 1897-இல் முழுமை பெற்ற அந்தப் பாதையின் ‘லூப்’ (வளையம்) என்ற பெயரே அந்நகர மையத்துக்கும் வழங்குகிறது. அக்காலச் சட்டப்படி தெருவின் மேல் பாதை போட வேண்டுமானால் இருபுறமும் சொத்து வைத்திருப்பவர்களில் பெரும்பான்மையானோரின் ஒப்புதலை வாங்க வேண்டும். சார்ல்ஸ் யெர்கீஸ் என்ற முதலீட்டாளர் வெவ்வேறு நிறுவனங்களின் பெயரில் ஒவ்வொரு பக்கமாக அந்த ஒப்புதலைத் திரட்டித்தான் வளையத்தை மூடினார். ஒப்புதல் கிடைத்தது தெருவுக்குத்தான், மூலைக் கட்டடங்களுக்கு அன்று. ஆகவே ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்குத் திரும்பும் இடத்தில் பாதை அந்தச் சந்திப்புக்குள்ளேயே வளைய வேண்டியதாயிற்று. அங்குள்ள வளைவுகளின் ஆரம் ஏறத்தாழ 27 மீட்டர் வரை குறுகியது. அதில் திரும்ப வேண்டியிருப்பதால், இன்றும் அந்த அமைப்பின் பெட்டிகள் 14.6 மீட்டர் நீளமே உள்ளவை. மற்ற நகரங்களின் மெட்ரோப் பெட்டிகள் 20 மீட்டரைத் தாண்டுவது சாதாரணம். நிலம் தர மறுத்த மூலைக் கட்டடங்கள் இன்று எத்தனையோ இல்லை. ஆனால் அவை விதித்த அளவு, தொழிற்சாலையில் புதிதாகச் செய்யப்படும் ஒவ்வொரு பெட்டியிலும் தொடர்கிறது. உயர்மட்டப் பாதையைப் பற்றி நான் அறிந்தவற்றுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்த செய்தி இதுவே.

இனி நிலையத்தின் உடலமைப்பைப் பார்ப்போம். கீழே லாரிகளும் பேருந்துகளும் தடையின்றிப் போக, சாலைக்கு மேல் ஐந்து அல்லது ஐந்தரை மீட்டர் வெற்றிடம் வேண்டும். அதன் மேல் டிக்கெட் கவுண்டர்களும் நுழைவுக் கதவுகளும் இருக்கும் இடைத்தளம்; அத்தளத்தின் உத்தரங்களுக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழமும், ஆட்கள் நடமாட மூன்று மீட்டருக்குக் குறையாத உயரமும் தேவை. அதன் மேல் தண்டவாளத்தைத் தாங்கும் கர்டர்கள், அதற்கும் மேல் ஒரு மீட்டரளவில் நடைமேடை. கூட்டிப் பார்த்தால் நடைமேடை தரையிலிருந்து 12 முதல் 14 மீட்டர் உயரத்தில், அதாவது ஏறத்தாழ நான்காம் மாடியின் மட்டத்தில் வந்து நிற்கிறது. இடைத்தளத்தை விட்டுவிட்டு டிக்கெட் கூடத்தையும் நடைமேடை மட்டத்திலேயே வைத்தால் உயரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். 1897-இல் திறக்கப்பட்டு, 1980களில் பழைய தோற்றத்துக்கு மீட்கப்பட்ட சிகாகோவின் குயின்சி நிலையம் அப்படித்தான் இருக்கிறது. தெருவிலிருந்து ஒரே ஏற்றத்தில் ரயிலருகே வந்துவிடலாம். நிலையமும் பக்கத்துக் கட்டடங்களின் தோளுக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் எதிர்த் திசை நடைமேடைக்குத் தவறாக ஏறிவிட்டவர் அவ்வளவு எளிதில் மறுபுறம் போக முடியாது, நுழைவுக் கதவுகளும் பணியாளர்களும் இரட்டிப்பாகத் தேவைப்படுகிறார்கள். இதனால்தான் புதிய நிலையங்கள் இடைத்தளத்தை விரும்புகின்றன.

அகலத்தை முடிவு செய்வது நடைமேடையின் வகை. இரண்டு தண்டவாளங்கள் நடுவிலும் நடைமேடைகள் இருபுறமும் இருந்தால், பாதை நேராக வந்து நேராகப் போகலாம். நிலையத்துக்காகத் தண்டவாளங்களை விலக்க வேண்டியதில்லை. நடுவில் ஒரே நடைமேடை என்றால் லிஃப்டும் எஸ்கலேட்டரும் ஒரு தொகுதி போதும், கூட்டம் ஒரு திசையில் பெருகும்போது மறு திசையின் இடத்தையும் பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் நிலையத்துக்கு முன்னும் பின்னும் தண்டவாளங்கள் நூறு, இருநூறு மீட்டருக்கு விரிந்து குவிய வேண்டும், அத்தனை தொலைவுக்கும் கட்டுமானம் பருத்துத் தெருவை மூடும். ஆகவே தெருவின் மேல் நிற்கும் நிலையங்களில் பக்க நடைமேடைகளே பெரும்பாலும் காணப்படுகின்றன. அப்போதும் இரு நடைமேடைகளையும் தண்டவாளங்களையும் சேர்த்தால் 17 முதல் 20 மீட்டர் அகலம் வந்துவிடுகிறது. இருபது மீட்டர் அகலத் தெருவில் அது சுவரோடு சுவராக ஒரு கூரையாகிறது. நாற்பது மீட்டர் அகலத் தெருவிலோ இருபுறமும் பத்துப் பத்து மீட்டர் வானம் மிஞ்சுகிறது. பாரிஸ் மெட்ரோவின் இரண்டாம், ஆறாம் வழித்தடங்களின் உயர்மட்டப் பகுதிகள் வெறுக்கப்படாமல் நிலைத்ததற்கு அவற்றின் தூண்களும் வேலைப்பாடும் ஒரு காரணம் என்றால், அவை அகன்ற பூல்வார்டுகளின் நடுத்திட்டில் நிற்கின்றன என்பது அதைவிடப் பெரிய காரணம். கிரெனெல் பூல்வார்டில் ஆறாம் வழித்தடத்தின் அடியில் சந்தையே கூடுகிறது. மேலே உள்ள கட்டுமானம் அதற்கு மழை மறைப்பு.

இரைச்சலைப் பற்றிப் பேசும்போது எல்லா உயர்மட்டப் பாதைகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறோம். சக்கரமும் தண்டவாளமும் உரசும் ஓசை ஒன்று. தண்டவாள இணைப்புகளில் எழும் தடதடப்பு ஒன்று. குறுகிய வளைவில் சக்கரம் வழுக்கித் திரும்பும்போது எழும் கீச்சொலி ஒன்று. இவை அனைத்துக்கும் மேலாக, அதிர்வு இரும்பு உத்தரங்களுக்குள் இறங்கி, அந்த உத்தரமே ஒரு பறைபோல முழங்குவது ஒன்று. பழைய பாதைகளில் மரக்கட்டைகள் நேரடியாக இரும்பு உத்தரத்தின் மேல் கிடப்பதால் நான்காவது ஓசை மிகுதி. கான்கிரீட் தளம், இணைப்பில்லாமல் பற்றவைத்த தண்டவாளம், அதிர்வை விழுங்கும் ரப்பர் பட்டைகள், பெட்டியின் சக்கர உயரத்துக்கு எழும் ஓரச் சுவர் ஆகியவை சேர்ந்தால் ஓசை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பல நேரங்களில் கீழே போகும் வாகனங்களின் இரைச்சலே அதை மூழ்கடிக்கிறது.

ஆனால் இந்தத் தீர்வு இலவசமாக வருவதில்லை, இதை யாரும் எடுத்துச் சொல்வதும் இல்லை. மரக்கட்டைகளுக்கு இடையே இடைவெளி உள்ள பழைய இரும்புப் பாதையின் அடியில் நின்றால் வெயில் கீற்றுக் கீற்றாகத் தரையில் விழும். மழையும் அப்படியே விழும். கான்கிரீட் தளமோ ஓசையைத் தடுக்கும் அதே திண்மையால் வெளிச்சத்தையும் முழுதாகத் தடுத்துவிடுகிறது. அமைதியை வாங்கும்போது நிழலையும் சேர்த்தே வாங்குகிறோம். இரண்டையும் ஓரளவு காப்பாற்ற வழி உண்டு: இரு தண்டவாளங்களையும் தனித்தனிக் கர்டர்களில் வைத்து நடுவே வானம் தெரிய விடுவது, நடைமேடைகளை நிலையத்தின் முழு நீளத்துக்கும் மூடாமல் கண்ணாடி கலந்த கூரையிடுவது, நிலையத்தை உயர்த்தி நிழல் ஒரே இடத்தில் உறையாமல் சூரியனோடு நகரச் செய்வது. கிழக்கு மேற்காகச் செல்லும் தெருவிலும் வடக்கு தெற்காகச் செல்லும் தெருவிலும் நிழல் விழும் விதம் வேறு என்பதால், ஒரே வரைபடத்தை எல்லா நிலையங்களுக்கும் எடுத்துப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

படிக்கட்டின் கணக்கை இனிச் சொல்ல வேண்டும், அதுதான் நிலையத்தைத் தெருவோடு மோத வைப்பது. நெரிசல் நேரத்தில் ஒரு ரயிலிலிருந்து 400 பேர் இறங்குகிறார்கள் என்றும், அடுத்த ரயில் இரண்டு நிமிடத்தில் வருகிறது என்றும் கொள்வோம். ஒரு மீட்டர் அகலப் படிக்கட்டில் சாதாரண நாளில் நிமிடத்துக்கு 35 பேர் அளவில்தான் இடிபடாமல் போக முடியும். இரண்டு நிமிடத்துக்குள் நடைமேடை காலியாக வேண்டுமானால் ஏறத்தாழ ஆறு மீட்டர் அகலப் படிக்கட்டு, அதுவும் இறங்குபவர்களுக்கு மட்டும், தேவைப்படுகிறது. அவசர காலக் கணக்கு தனி: உலகின் பல நகரங்கள் பின்பற்றும் என்எஃப்பிஏ 130 என்ற அமெரிக்கத் தரவிதி, நடைமேடையிலிருந்து அனைவரும் நான்கு நிமிடத்துக்குள் வெளியேறவும், ஆறு நிமிடத்துக்குள் பாதுகாப்பான இடத்தை அடையவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. புகை மேலெழுந்து கலைந்துபோகும் திறந்தவெளி என்பதால் உயர்மட்ட நிலையம் இதில் சுரங்கத்தைவிடப் பெரிதும் வசதியானது. பெரிய காற்றாடி அறைகளும் புகைப் போக்கிகளும் அதற்கு வேண்டியதில்லை.

இந்த ஆறு மீட்டர் படிக்கட்டு, பல துண்டுகளாகப் பிரித்தாலும், எங்கே இறங்குவது? நகர மையத்தின் நடைபாதை மூன்று, நான்கு மீட்டர்தான் இருக்கும். அதில் இரண்டரை மீட்டரைப் படிக்கட்டும், அதன் அடியிலுள்ள பயனற்ற முக்கோண இடமும், லிஃப்ட் கூண்டும், தூண்களும் எடுத்துக்கொண்டால், ஏற்கனவே நடந்துகொண்டிருந்தவர்கள் சாலையில் இறங்கி நடப்பார்கள். பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் படிக்கட்டிலிருந்து வரும் கூட்டத்தோடு முட்டிக்கொள்வார்கள். கடைக்காரருக்கு முகப்பு மறையும். தெரு பாழாவது மேலே ரயில் ஓடுவதால் அன்று, பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. எத்தனையோ கோடி செலவழித்து மேலே கண்ணாடியும் எஃகுமாக அழகு செய்த நிலையங்கள், கீழே ஒரு சக்கர நாற்காலி திரும்ப இடம் இல்லாமல் இருப்பதைக் காணும்போது மனம் வருந்தவே செய்கிறது. இடைத்தளத்திலிருந்து பக்கத்துக் கட்டடத்துக்குள் ஒரு பாலம் போட்டு, படிக்கட்டையும் லிஃப்டையும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இறக்கிவிடுவதுதான் நான் அறிந்தவரை நேர்த்தியான தீர்வு. அதற்கு அந்த உரிமையாளரோடு பேசி, நிலையம் இயங்கும் நேரமெல்லாம் வழி திறந்திருக்க வேண்டும் என்ற உடன்பாட்டை எழுதி வாங்க வேண்டும். அதைச் செய்யச் சோம்பியே பல அமைப்புகள் நடைபாதையைத் தின்றுவிடுகின்றன.

ஆனால் இந்தத் தீர்வையே எல்லைக்கு மேல் இழுத்தால் வேறொரு சிக்கல் வருகிறது. பாங்காக்கில் 1999-இல் திறக்கப்பட்ட சயாம் நிலையம், இரண்டு வழித்தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றான இரு நடைமேடைத் தளங்களில் சந்திக்கும் நிலையம். சில திசைகளுக்கு இடையே மாறும் பயணி அதே நடைமேடையைக் குறுக்கே கடந்து மறு வழித்தட ரயிலில் ஏறிவிடலாம், படி ஏறி இறங்கத் தேவையில்லை என்னும்படி தளங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. மாறிச் செல்பவர்களில் பலர் படிக்கட்டுக்கே வராமல் போய்விடுவதால், நகர மைய நிலைய வடிவமைப்பில் இதைவிட நல்ல பாடம் குறைவு. அங்கிருந்து ரயில் பாதையின் அடியிலேயே வான்நடைபாதைகள் வணிக வளாகங்களை இணைத்துக்கொண்டு போகின்றன. வெயிலிலும் மழையிலும் அது பேருதவி என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அதேவேளை, வாங்கும் சக்தி உள்ளவர்கள் எல்லாரும் மேலேயே நடந்து மேலேயே நுழைந்துவிட்டால், தரையில் உள்ள சிறு கடையைப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியும் எழுகிறது. மேல்வழி இருக்கட்டும், ஆனால் அது அகலமான, எளிதில் கண்ணில் படுகிற படிகளால் அடிக்கடி தெருவுக்கு இறங்க வேண்டும்.

லிஃப்ட் பற்றி ஒரே ஒரு குறிப்பு போதும். பழைய உயர்மட்ட நிலையங்கள் அது இல்லாமலே கட்டப்பட்டவை, பின்னால் சேர்ப்பது பெருந்தொல்லை. சிகாகோவில் வபாஷ் தெருவின் மேல் அருகருகே இருந்த ராண்டால்ஃப், மேடிசன் என்ற இரு பழைய நிலையங்களுக்கு மாற்றாக, வாஷிங்டன் சந்திப்பில் 2017-இல் லிஃப்டுகளும் அகன்ற நடைமேடைகளும் கொண்ட ஒரே நிலையம் திறக்கப்பட்டது. இரண்டை ஒன்றாக்கியதால் சிலருக்கு நடை கூடியது உண்மை. ஆனால் ஒரு தெருச் சந்திப்பாவது தூணும் படிக்கட்டும் குறைந்து மூச்சு விட்டது, படி ஏற முடியாதவர்களும் முதன்முறையாக அங்கே ரயிலேற முடிந்தது.

சுரங்கமே மேலானதா என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். உயர்மட்டப் பாதையின் செலவு பெரும்பாலும் சுரங்கத்தின் செலவில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான். கட்டி முடிக்கும் காலமும் குறைவு. வெள்ளம், நிலத்தடி நீர், காற்றோட்டம் ஆகியவற்றின் செலவு ஆண்டுதோறும் தொடர்வதில்லை. ஒரு சுரங்க நிலையத்துக்கு ஆகும் பணத்தில் இரண்டு வட்டாரங்களுக்கு ரயில் கிடைக்கும் என்றால், அதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. எனினும் தெரு 25 மீட்டருக்கும் குறுகலாக, இருபுறமும் பழைமையான கட்டடங்களோடு, பக்கத்துக் கட்டடங்களுக்குள் படிக்கட்டை இறக்க வழியில்லாமல் இருந்தால், அந்த ஒரு பகுதிக்காவது பாதை நிலத்துக்குள் இறங்கத்தான் வேண்டும் என்பேன். 30 மீட்டரைத் தாண்டிய தெருவில், பாதையைத் தாங்கும் தூண்கள் நடுத்திட்டில் நிற்க, கட்டடங்களுக்குள் இறங்கும் வழிகள் கிடைக்குமானால், உயர்மட்ட நிலையத்தை நான் தயங்காமல் ஆதரிப்பேன். இடைப்பட்ட அகலங்களில்தான் உண்மையான வாதம் இருக்கிறது. அந்த வாதத்துக்குப் போகிறவர்கள், மேலிருந்து பறவை பார்ப்பதுபோல் வரைந்து காட்டப்படும் வண்ணப் படத்தை வைத்துவிட்டு, நடைபாதையில் படிக்கட்டும் தூணும் லிஃப்டும் பேருந்து நிறுத்தமும் மிச்சமுள்ள நடைவழியும் மீட்டர் கணக்கில் குறிக்கப்பட்ட தரைமட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.